கம்ப்யூட்டருக்குள் நிறைந்த கண்மாய்

நான் பிறந்தது ஒரு கண்மாய்க் கரையில். வாழ்க்கைப்பட்டு வந்தது இன்னொரு கண்மாய்க் கரைக்கு. பிறந்த ஊர் சேத்தூரை ஒட்டி இருக்கிறது. புகுந்த ஊர் அங்கிருந்து ராஜபாளையம் வருகிற வழியில். இரண்டு ஊருக்கும் தண்ணீர் கொடுப்பது ஒரே ஓடைதான். மலையை விட்டு இறங்கித் தென்னந்தோப்புகளைத் தாண்டியதும் அது இரண்டாகப் பிரியும். அந்த இடத்தைப் பிரிப்பு என்போம். அங்கே இரண்டு ஷட்டர்கள். ஒன்றைத் தூக்கினால் தண்ணீர் எங்கள் கண்மாய்க்கு வரும்; மற்றதைத் தூக்கினால் என் பிறந்த ஊர், இப்போது தம்பி இருக்கிற ஊர்க் கண்மாய்க்குப் போகும்.

எனக்குப் படிப்பு அதிகம் இல்லை. பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படித்துவிடுவேன், கையெழுத்துப் போடுவேன், இப்படி ஒவ்வொரு எழுத்தாக வைத்து எழுதவும் செய்வேன். மெதுவாகத்தான் எழுதுகிறேன். என்னை யாரும் துரத்தவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். அதற்குத்தானே அவர்கள் படித்திருக்கிறார்கள். சொல்ல வந்த விஷயத்தில் பிழை இருக்காது.

சொல்ல வந்தது என் வீட்டுக்காரரைப் பற்றியும், கம்ப்யூட்டருக்குள் ஓடிய எங்கள் ஓடையைப் பற்றியும்.

அவர் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பட்டாளம் இன்னும் அவரை விடவில்லை. படுத்து எழுந்ததும் போர்வையை மடித்தால் நான்கு மூலையும் ஒன்றாக நிற்கும். காலையில் சர்க்கரை குறைந்த கடுந்தேயிலை. செருப்பைக் கூடத் துடைத்துத்தான் போடுவார். ஊரில் எதற்கும் முதலில் வந்து நிற்பார் என்பதால் கண்மாய்ச் சங்கத்துக்கு அவரையே தலைவராக வைத்திருந்தார்கள். எனக்கு அதில் பெருமைதான். ஏன் மறைக்க வேண்டும்? அவர் கரையில் நடந்து வரும்போது அடுத்த ஊர்க்காரர் யாரிடமாவது, "அந்தா வாராகல்லா, அவியதான் எங்க வீட்டுல" என்று கை காட்டியிருக்கிறேன்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்தில் இருந்து ஒரு இன்ஜினியர்ப் பெண் வந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'ங்க' போட்டுச் சொல்வாள். கேட்கவே நன்றாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஊர்க்காரர்களை உட்கார வைத்து விளக்கினாள். மலையில் பெய்கிற மழை, ஓடை, பிரிப்பு, கண்மாய்கள், கீழே ஆறு போய்ச் சேருகிற வரைக்கும் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் அப்படியே உண்டாக்கி வைத்திருக்கிறார்களாம். இங்கே தண்ணீர் ஏறினால் அங்கேயும் ஏறும். இங்கே இறங்கினால் அங்கேயும் இறங்கும். அதைப் பார்த்து, எந்தக் கண்மாய்க்கு எப்போது தண்ணீர் வேண்டும் என்று அலுவலகத்தில் முடிவு செய்து, பிரிப்பில் இருக்கிற லஸ்கருக்குப் போன் போடுவார்கள். அவர் ஷட்டரைத் தூக்குவார், இறக்குவார். இதற்கு டிஜிட்டல் ட்வின் என்று பெயர் சொன்னாள்.

ஒருவருக்கும் விளங்கவில்லை. பின்னால் இருந்து ஒருவர், "நெசக் கண்மாயே நெறைய மாட்டேங்குது. இதுல கம்ப்யூட்டருல ஒண்ணு வேறயா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் எழுந்தார். "ஏலே, சிரிக்காதிய. பட்டாளத்துல ஒரு எடத்துக்குப் போறதுக்கு முன்னால, அந்த எடத்த அப்படியே மணல்ல செஞ்சு வெப்போம். இந்தா மலை, இந்தா ஓடை, இந்தா பாலம். எந்த வழியாப் போனா என்ன ஆகும்னு அதுல பாத்துட்டுத்தான் பொறவு கெளம்புவோம். இதுவும் அதுதான். என்ன, இந்த மணல்ல தண்ணி ஓடும்."

அந்தப் பெண் கையைத் தட்டிவிட்டாள். "அதேதானுங்க ஐயா! இனிமே நானும் இப்படித்தான் சொல்லப் போறேனுங்க" என்றாள். அன்றைக்கே அவர் அந்தப் பிள்ளைக்கு அடிமை.

அடுத்த கேள்விதான் பெரிய கேள்வி. அதுவரை மழைக்காலத்தில் பிரிப்பில் எங்கள் ஊர் ஆள் ஒருவரும் தம்பி ஊர் ஆள் ஒருவரும் காவல் இருப்பார்கள். ஒருவர் கண் அசந்தால் மற்றவர் ஷட்டரில் கை வைத்துவிடுவார் என்ற பயம். நான் கல்யாணமாகி வந்த புதிதில் பெரிய சண்டையெல்லாம் நடந்திருக்கிறது. ஒரு பக்கம் என் வீட்டுக்காரர், மறுபக்கம் என் தம்பி. எனக்கு எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியாமல், இரண்டு பக்கத்துக்கும் சோறு கொடுத்து அனுப்பியிருக்கிறேன். "இனி நம்ம ஆளு அங்க நிக்க வேண்டாமா?" என்று கேட்டார்கள்.

"நிக்க வேண்டாம்" என்றார் இவர். "நான் வாக்குத் தாரேன். இந்த வருசம் நம்ம கடைமடை வரைக்கும் தண்ணி வரும். வராட்டா எங்கிட்டக் கேளுங்க. கம்ப்யூட்டரக் கேக்காதிய, அந்தப் புள்ளயக் கேக்காதிய. என்னையக் கேளுங்க."

கடைமடை என்றால் கண்மாயில் இருந்து தூரத்தில் இருக்கிற கடைசி வயல்கள். அங்கே தண்ணீர் எட்டினால்தான் கண்மாய் நிறைந்தது என்று எங்கள் ஊரில் அர்த்தம். அவர் கொடுத்த வாக்கை நான் வாசலில் நின்று கேட்டேன். அவர் வாக்குக் கொடுத்தால் எனக்குப் பயம்தான். திருப்பி வாங்கவே தெரியாத மனிதர்.

இரண்டு ஊருக்கும் தண்ணீர் மட்டம் அளக்கிற மிஷின் வந்தது. எங்கள் மடைத் தூணில் இருந்து தண்ணீருக்கு மேலாக ஒரு இரும்புக் கை நீட்டி, அதன் நுனியில் ஒரு டப்பாவை மாட்டினார்கள். டப்பாவுக்குக் கீழே பார்த்த மாதிரி ஒரு வாய். மேலே சூரியத் தகடு. இவர் தினமும் போய்ப் பார்த்து வருவார். பறவை எச்சம் இருந்தால் துணியால் துடைப்பார். "நம்ம பிள்ளைகளக் கூட இப்படித் தொடச்சதில்ல நீங்க" என்றேன். "அதுக எங்க ஒரே எடத்துல நின்னுச்சு?" என்றார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கண்மாய்க்குப் புதுத்தண்ணீர் வந்தது. எங்கள் ஊரில் புதுத்தண்ணீர் வந்த முதல் வெள்ளிக்கிழமை மடையில் பொங்கல் வைத்து, தேங்காய் உடைத்து, மடைக்கு மாலை போடுவோம். மடைக்குப் போட்ட மாலையை யாரும் கையால் எடுக்கக் கூடாது. அதுவாகவே இற்றுத் தண்ணீரில் விழ வேண்டும். அன்றைக்கே, அந்த வருஷம் கண்மாய் வேலைக்குப் புதிதாக வந்தவர் யார் இருந்தாலும் தலைவர் கையால் அவருக்கும் ஒரு மாலை உண்டு. புது லஸ்கர் வந்தால் அவருக்கு, தண்ணீர் பாய்ச்சப் புது ஆள் வந்தால் அவருக்கு.

இவர் முதல் நாளே ராஜபாளையம் பூ மார்க்கெட்டுக்குப் போனார். நானும் போனேன். பூக்கடைக்காரர் தெலுங்குக்காரர், "ரண்டி, ரண்டி" என்று இவரைப் பார்த்ததும் கூப்பிட்டார். மடைக்கு ஒரு மாலை வாங்கிய பிறகு இவர், "இன்னொண்ணு, நல்ல கனமா, ஜிகினா வெச்சு" என்றார்.

"யாருக்கு கல்யாணம்?" என்று பூக்கடைக்காரர் கேட்டார்.

"புது ஆளு வந்துருக்காருல்ல" என்றார் இவர். சம்பங்கியும் ரோஜாவும் ஜிகினாவும் வைத்து, மாப்பிள்ளை மாலை போல ஒன்று, பச்சை நைலான் நூலில் கட்டி வந்தது.

மறுநாள் மடைக்கு மாலை போட்டு முடித்ததும் இவர் இரண்டாவது மாலையை எடுத்தார். எல்லோரும் யாருக்கு என்று பார்த்தோம். மிஷின் வரைக்கும் போட்டிருந்த பலகையில் கால் வைத்து ஏறிப் போய், அந்த இரும்புக் கையில், டப்பாவுக்கு இரண்டு பக்கமும் தொங்கும்படி மாலையைச் சாத்தினார். கீழே இறங்கி வந்து ஒரு சல்யூட் வேறு வைத்தார். ஊர் சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. பெண்கள் நாங்கள் குலவை போட்டோம். வழக்கத்தில் ஒரு குறையும் இல்லாமல், வந்த ஆளுக்கு மரியாதை செய்தாகிவிட்டது. எனக்குப் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? மாலையின் குஞ்சம் டப்பாவின் வாய்க்கு நேர் கீழே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அதற்குச் சில நாள் கழித்து, ஓடையில் இருந்து கண்மாய்க்கு வருகிற வரத்துக்காலில் தண்ணீர் மெலிந்தது. பிறகு நின்றேவிட்டது. கண்மாய் பாதிக்கு மேல் ஏறவில்லை. நாற்றங்காலில் நாற்று வளர்ந்து, பிடுங்கி நடுகிற பருவத்துக்கு வந்திருந்தது. கடைமடைக்காரர்கள் நட முடியாமல் வானத்தைப் பார்த்தார்கள். பிறகு எங்கள் வீட்டைப் பார்த்தார்கள். நாற்று முற்றிவிட்டால் நட்டும் பயன் இல்லை.

"மேல மழை இல்ல போல" என்று இவர் சொல்லிப் பார்த்தார். மலை உச்சியில் கறுத்து நின்ற மேகத்தை அவரும்தான் பார்த்தார். டீக்கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். போர்வை மூலை ஒன்றாக நிற்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அவர் தூங்கவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

ஒரு நாள் காலையில் என் தம்பி போன் செய்தான். அந்த ஊர்க் கண்மாய்க்கு அவன்தான் தலைவர். இவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். தெருவே கேட்கும்.

"அத்தான், உங்க கம்ப்யூட்டரு நல்லாருக்கணும்! எங்க கண்மாய் மறுகால் பாயுது. ஒரு வாரமா ஓடை முழுக்க எங்க பக்கந்தான் வருது. இம்புட்டுத் தாராளம் உங்களுக்கு எப்பத்துல இருந்து வந்துச்சு?"

"என்ன மாப்ள சொல்லுதிய?"

"லஸ்கரக் கேட்டேன். உங்க கண்மாய் நெறஞ்சுருச்சாம். ஆபீசுல சொல்லிட்டாங்களாம், இனி எல்லாத்தையும் சேத்தூர்ப் பக்கம் திருப்புன்னு. அத்தான்? இருக்கியளா? நெறஞ்ச சந்தோசத்துல பேச்சு வரலியோ?"

இவர் போனை வைத்துவிட்டார். எழுந்து சட்டையை மாட்டினார். "ஏட்டி, கெளம்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் போறோம்" என்றார்.

ராஜபாளையத்தில் பஸ் மாறினோம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தார்.  ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இறங்கி நடக்கும்போது, "அந்தப் புள்ளய சத்தம் போடப்படாது என்ன? நான் கோவத்துல ஏதாவது பேசினா நீ கையப் பிடிச்சிரு" என்றார். அவர் கோபத்தில் கூட அந்தப் பிள்ளைக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்.

அலுவலகத்தில் ஒரு சுவர் முழுவதும் திரை. இன்ஜினியர்ப் பெண் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து, "வாங்கம்மா, வாங்கய்யா" என்று உட்கார வைத்தாள். இவர் உட்காரவில்லை.

"எங்க கண்மாயக் காட்டு தாயி" என்றார்.

அவள் எதையோ தட்டினாள். நான் அதற்கு முன்பு எங்கள் ஓடையை முழுசாகப் பார்த்ததே இல்லை. யார்தான் பார்த்திருக்கிறார்கள்? மலை முதுகில் முடி போல மெல்லிசாக நீலக் கோடுகள். அவை ஒன்றோடு ஒன்று சேர்ந்து தடித்து, தோப்புகளுக்கு நடுவில் இறங்கி, பிரிப்பில் இரண்டாகின்றன. அதோ என் பிறந்த ஊர்க் கண்மாய். இதோ எங்கள் கண்மாய். என் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம் என் கைச்சாண் அளவுக்குக் கூட இல்லை. இதற்கா அந்தக் காலத்தில் அவ்வளவு அழுதேன்!

எங்கள் கண்மாய் தளும்பிக்கொண்டிருந்தது. கரையைத் தொட்டு நீலம். மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற மறுகாலில் வழிந்து வெள்ளையாக விழுகிறது. அப்படி நிறைந்து நான் பார்த்து ரொம்ப வருஷம் ஆயிற்று. பொய் என்று தெரியும். தெரிந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தேன். இவரும் அப்படியேதான் நின்றார். மணல் மாடலுக்கு முன்னால் நிற்கிற மாதிரி, விறைப்பாக, கண்ணில் மட்டும் ஈரத்தோடு.

"இப்படித்தான் நெறஞ்சிருக்கணும்" என்றார் மெதுவாக. பிறகு, "நெறையலம்மா. பாதிதான் கெடக்கு. கடைமடை காஞ்சு போச்சு" என்றார்.

அவள் திடுக்கிட்டாள். மளமளவென்று தட்டினாள். திரையில் ஒரு கோடு வந்தது. மாட்டு வண்டிப் பாதை போல மெதுவாக ஏறிக்கொண்டே வந்த கோடு, ஓரிடத்தில் சுவர் மாதிரி நேராக மேலே போய், அப்படியே நின்றுவிட்டது.

"ஒரே தடவையில இவ்வளவு எப்படிங்க ஏறும்?" என்று தனக்குத்தானே கேட்டாள். "அந்த வாரம் மலையில கனமழைங்க ஐயா. அதனால நிறைஞ்சிருச்சுன்னு நானும் நம்பிட்டேனுங்க. ஆள் அனுப்பிப் பாத்திருக்கணும், என் தப்புதானுங்க. இந்த மிஷின் கீழ ஒரு சத்தம் அனுப்பும். நம்ம காதுக்குக் கேக்காது. அது தண்ணியில பட்டுத் திரும்பி வர்ற நேரத்தை வெச்சுத்தான் தண்ணி எவ்வளவு தூரத்துல இருக்குன்னு சொல்லும். நடுவுல எதுல பட்டாலும் அதையே தண்ணின்னு நினைச்சுக்கும். வெள்ளிக்கிழமை காலையில அங்க என்னங்க நடந்துச்சு?"

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. குஞ்சம் கண்ணுக்கு முன்னால் ஆடியது. வாயைத் திறக்கவில்லை. அவர் சொல்ல வேண்டும், அல்லது சொல்லாமல் இருக்க வேண்டும். எது ஆனாலும் அவர் பாடு. அவருக்காக நான் ஒரு பொய்யைக்கூடத் தயாராக வைத்துக்கொண்டேன். ஏதோ கொக்கு வந்து உட்கார்ந்தது என்று.

இவர் கால் இரண்டையும் சேர்த்து நின்றார். "மாலை போட்டேம்மா" என்றார்.

"எதுக்குங்க?"

"மிஷினுக்கு. புதுசா வேலைக்கு வந்ததுல்லா. வழக்கம்."

அந்தப் பெண் திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் கண் கலங்கிவிட்டது. "நான் வேலைக்குச் சேர்ந்தப்ப எனக்கே யாரும் மாலை போடலீங்க" என்றாள்.

பிறகு நடந்ததுதான் அந்தக் கம்ப்யூட்டரின் அருமை. "உண்மையில ஷட்டரத் தொடறதுக்கு முன்னால இதுக்குள்ள தொறந்து பாத்துரலாங்க" என்றாள். கண்மாயைப் பாதியாக்கினாள். நீலம் சர்ரென்று இறங்கியது.  இரண்டு ஊருக்கும் வழக்கம் போலப் பாதிப் பாதியாகத் தண்ணீரை விட்டுப் பார்த்தாள். மலையில் மழை ஓய்ந்து வருவதால் ஓடை மெலிந்துகொண்டே போனது. எங்கள் நீலம் நடுமடை வயல்களோடு நின்றுவிட்டது. கடைமடை வயல்கள் அப்படியே காய்ந்த நிறத்தில் கிடந்தன. அடுத்ததாக ஓடை முழுவதையும் எங்கள் பக்கம் திருப்பினாள். நீலம் ஏறி, மறுகாலுக்கு ஒரு முழம் கீழே வந்து நின்றது. கடைமடை பச்சை ஆயிற்று. தம்பி ஊர்க் கண்மாய் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் அவர்கள் அறுவடை வரைக்கும் தாங்கியது.

"இப்படிச் செய்யலாங்க. ஆனா அவங்க பங்கையும் சேத்து விடணும். அதுக்கு அந்த ஊர்த் தலைவர் ஒத்துக்கணுங்க. நானே பேசட்டுங்களா?"

"வேண்டாம். நான் பேசுதேன்" என்றார் இவர்.

இந்த மனிதர் கல்யாணம் ஆன நாளில் இருந்து என் பிறந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் கூட அவராகக் கேட்டு வாங்கியதில்லை. கொண்டுவந்து வைத்தால் குடிப்பார். அவ்வளவுதான். நான் இதைத் தம்பியிடம் பெருமையாகவே சொல்லியிருக்கிறேன். அவர் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார். 

"மாப்ளே, எங்க கண்மாய் நெறையல. நாந்தான் மிஷினுக்கு மாலை போட்டு அதக் கெடுத்துட்டேன். கடைமடை காயுது. எனக்கு உங்க பங்குத் தண்ணி வேணும்."

"எதுக்கு மாலை போட்டியன்னு சொன்னிய?"

"மிஷினுக்கு."

தம்பி சிரிக்க ஆரம்பித்தான். அவன் சிரிப்பு எங்கள் அப்பாவின் சிரிப்பு. தொடங்கினால் இருமலில்தான் முடியும். இருமி முடித்துவிட்டு, "ஏ அக்கா, நீ பக்கத்துல நிக்கியா?" என்றான்.

"நிக்கேன்."

"அத்தான் மிஷினுக்கு மாலை போடும்போது நீ என்ன செஞ்ச?"

"குலவை போட்டேன். பொறவு என்ன செய்வாக?"

இன்னொரு இருமல். அது அடங்கியதும் குரல் மாறியது. "அத்தான், நீங்க எங்கிட்ட ஒண்ணு கேட்டு நான் இல்லன்னு சொல்லுவேனா? கேக்கவே மாட்டியளேன்னு எனக்கு எம்புட்டு நாள் கொறை தெரியுமா? எங்க ஊருல நான் பேசிக்கிடுதேன். ஓடை முழுக்க உங்களுக்குத்தான். ஆனா ஒரு கண்டிசன். எங்க மிஷினுக்கு இன்னும் யாரும் மாலை போடல. அடுத்த புதுத்தண்ணிக்கு நீங்கதான் வந்து போடணும். எங்க ஊரு முழுக்க நின்னு பாக்கணும்."

"போடுதேன்" என்றார் இவர். 

இன்ஜினியர்ப் பெண்ணின் ஜீப்பிலேயே ஊருக்கு வந்தோம். வழியில் அந்தப் பிள்ளைக்குப் பால்கோவா வாங்கி மடியில் வைத்தேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பாதியைத் தின்றுவிட்டாள். நாங்கள் வந்து இறங்குவதற்குள் விஷயம் ஊருக்குத் தெரிந்து, மடையில் கூட்டம். இவர் எல்லோருக்கும் முன்னால் நின்று, நடந்ததை மறுபடியும் சொன்னார். ஒருவர் முகத்தையும் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்.  அவரைக் கேட்கலாம் என்று அவரேதான் சொல்லியிருந்தார். ஆனால் யாருக்கும் கேட்க மனம் வரவில்லை.

மாலை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பூவெல்லாம் கருகிவிட்டது. நாராக இருந்தால் இந்நேரம் இற்று விழுந்திருக்கும். நைலான் நூலும் ஜிகினாவும் அசையவில்லை. எடுக்க வேண்டும் என்றதும் கூட்டத்தில் ஒரு பெரியவர், "மடையில போட்ட மாலையக் கையால எடுக்கப்படாதே" என்றார். பலர் தலையை ஆட்டினார்கள். இவர் பலகையில் வைத்த காலை எடுத்துவிட்டார். அவர் வழக்கத்தை மீறுகிற ஆள் இல்லை. அதனால்தானே இவ்வளவும் வந்தது.

அப்போது நான் வாயைத் திறந்தேன். "மடைக்குப் போட்ட மாலை அந்தா தனியாக் கெடக்கு, அத யாரும் தொடல. இது வேலைக்கு வந்தவருக்குப் போட்ட மாலை. லஸ்கருக்கு மாலை போட்டா அவரு என்ன செய்வாரு? கும்பிட்டுட்டு அவரே கழட்டிருவாரு. இவருக்குக் கை இல்ல. அதுக்காகக் கழுத்துல போட்டுக்கிட்டே கெடக்கணுமா? இந்தா, மிஷினு வீட்டுப் பொண்ணு இன்ஜினியரு நிக்கால்ல, அவ கழட்டட்டும்."

கூட்டம் என்னைப் பார்த்தது. பிறகு பெரியவரைப் பார்த்தது. அவர் மிஷினை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அது சரிதான்" என்றார்.

அந்தப் பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் ஏறிப் போனாள். இரும்புக் கையில் இருந்து மாலையை எடுத்தாள். கீழே விட்டெறியவில்லை, கண்ணில் ஒற்றி, மெதுவாகத் தண்ணீரில் விட்டாள். யாரும் சொல்லாமலே பெண்கள் குலவை போட்டார்கள். அவள் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டாள். திரையில் கண்மாய் பாதிக்கு இறங்கிவிட்டதாம். அதைக் கேட்டு ஒரு ஊரே சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். அடுத்த போன் லஸ்கருக்கு.

மறுநாள் காலையில் வரத்துக்காலில் சருகுகளைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. நாற்று முற்றுவதற்கு முன்பே கடைமடையிலும் நடவு நடந்தது. கடைசி வயலில் தண்ணீர் ஏறிய அன்றைக்கு இவர் பழையபடி டீக்கடைக்குப் போனார்.

கண்மாய் மறுகால் பாயவில்லை. அந்தப் பிள்ளை காட்டியது போல ஒரு முழம் கீழேயே நின்றது. திரையில் பார்த்த அந்த நிறைந்த கண்மாய் எனக்கு இன்னும் சொப்பனத்தில் வருகிறது; அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு கண்மாய்த் தலைவர்களின் போனிலேயே அந்தக் கம்ப்யூட்டர்க் கண்மாயைப் பார்க்க ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். ஒரு சாயங்காலம் இவர் கரையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏங்க, தண்ணி முன்னாலதான் கெடக்கு. அத விட்டுட்டு அதுக்குள்ள என்ன பாக்கிய?"

"ரெண்டும் ஒண்ணுபோல இருக்கான்னு பாக்கேன்."

"இருக்கா?"

"இருக்குட்டி" என்றார். கண்மாய் அவர் வயிற்றில் பிறந்த மாதிரி ஒரு சிரிப்பு. போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மாப்ள ஊரு மிஷினுக்கு மாலைய எங்க போடணும்?" என்று கேட்டார்.

"தூணுல."

"தூணுலதான்" என்றார். "பூக்கடைக்காரருட்ட இப்பவே சொல்லி வெச்சிரணும். நார்லதான் கட்டணும்னு."